ஈரம் காயாத சுவர்

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் அப்பாவை வீட்டில் பார்ப்பது அபூர்வம். அவர் போலீசில் ஹெட் கான்ஸ்டபிள். சாரல் விழுந்ததும் மெயின் அருவிக்கு டூட்டி போட்டுவிடுவார்கள். தண்ணீர் கூடினால் விசில் அடித்துக் குளிப்பவர்களை வெளியேற்ற வேண்டும், குறைந்தால் மறுபடி உள்ளே விட வேண்டும். தென்காசியில் எங்கள் வீட்டிலிருந்து அருவிக்கு பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். ஆனாலும் வந்தால் சாப்பிடுவார், படுப்பார், நனைந்த சட்டை காய்வதற்குள் கிளம்பிவிடுவார்.

அப்பாவின் குடும்பம் இலத்தூரில் வயல் வைத்திருந்தது. அவர் தலைமுறையில் ஆண்கள் எல்லோரும் போலீசுக்கோ பட்டாளத்துக்கோ போய்விட்டார்கள். அந்தக் குடும்பத்திலிருந்து படம் வரையப் படிக்கப் போனவள் நான் ஒருத்திதான். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும்போது அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்.

"இதப் படிச்சா எஸ்.ஐ. பரீச்சை எழுதலாம்லா?"

"டிகிரிதானப்பா, எழுதலாம்."

"அப்பச் சரி."

பல்கலைக்கழகத்துக்குத் தினமும் காலை ரயிலில் போய் வருவேன். முதல் இரண்டு வருடம் சந்தோஷமாகவே போயிற்று. கடைசி வருடம் அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது. அதன்பின் சமையல், துணி துவைப்பது, அம்மாவைப் பிடித்து நடக்க வைப்பது எல்லாம் என் தலையில் விழுந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடி ரயிலைப் பிடிப்பேன். உட்கார இடம் கிடைத்தால் எதிரே தூங்குபவர்களை வரைவேன். கலை வரலாற்று வகுப்பில் நானே தூங்குவேன். கையில் பூண்டு வாசமும் டர்பன்டைன் வாசமும் சேர்ந்தே இருக்கும்.

"ரசத்துல பெயிண்ட் வாசம் அடிக்குதுட்டி" என்பாள் அம்மா. ஆனாலும் மிச்சம் வைக்காமல் குடிப்பாள்.

படிப்பு முடிய ஒரு பெரிய படைப்பைச் செய்து காட்ட வேண்டும். எல்லோரும் ஸ்டுடியோவில் கேன்வாஸைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி வேலையைத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அங்கே தங்கி வேலை செய்ய நேரமில்லை. சனி, ஞாயிறுகளில் குற்றாலம் போய் ரோட்டோரத்தில் நின்று வரைந்துகொண்டிருந்தேன். அப்படி ஒரு நாள் ஐந்தருவி ரோட்டில் லாட்ஜ் வைத்திருக்கும் அண்ணாச்சி பார்த்துவிட்டுக் கேட்டார். அப்பாவுக்குத் தெரிந்தவர்.

"எம்மா, முன்பக்கம் புதுசா ஒரு சொவரு எடுத்திருக்கேன். பேனர் அடிச்சு ஒட்டலாம்னு இருந்தேன். நீ வரைதியா?"

எங்கள் பேராசிரியை சம்மதித்தார். சுவரையே கடைசி வருடப் படைப்பாக வைத்துக்கொள், புகைப்படங்களும் ஸ்கெட்சுகளும் கொண்டுவந்தால் போதும், ஆனால் செமஸ்டருக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்றார்.

சுவரைப் போய்ப் பார்த்தேன். சிமெண்ட் பூசி அதிக நாள் ஆகவில்லை. உள்ளங்கையை வைத்தபோது சில்லென்றிருந்தது. புதுப் பூச்சு நன்றாகக் காயாமல் வண்ணம் ஏற்றக் கூடாது என்பது முதல் வருடப் பாடம். காத்திருந்தால் சீசன் வந்துவிடும். சீசன் போகட்டும் என்றால் என் படிப்பு முடிந்துவிடும். அண்ணாச்சி பக்கத்தில் நின்று, "சாரலுக்கு முன்ன ஆயிரும்லா?" என்று கேட்டார். ஆகும் என்றேன்.

அந்த மே மாத வெயிலில் சாரத்தின்மேல் நின்று வரைந்த நாட்களைப் போல என் வாழ்க்கையில் வேறு நாட்கள் வாய்க்கவில்லை. காலையில் அம்மாவுக்கு எல்லாம் எடுத்து வைத்துவிட்டு வருவேன். மத்தியானம் பஸ் பிடித்துப் போய் அவளுக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்பி வருவேன். அவ்வளவு அலைச்சலிலும் கை தடுமாறவில்லை. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கும் ஆண்கள், நனைந்த சேலையை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி தலையை அருவிக்குள் நீட்டும் பெண்கள், தண்ணீருக்குப் பயந்து அப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறும் குழந்தை. இவர்கள் எல்லோருக்கும் வலது பக்கம், முதுகு காட்டியபடி ஒரு போலீஸ்காரர். தொப்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை, கொஞ்சம் இறங்கிய இடது தோள், வாய்க்குக் கொண்டு போகும் விசில்.

அது அப்பா. முந்தைய சீசனில் ஒரு நாள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். திடீரென்று தண்ணீர் கூடிவிட்டது. விசில் அடித்து அடித்து, கத்திக் கத்தி, தொண்டை கட்டியே போயிற்று அவருக்கு. வெளியே வர மாட்டேன் என்று நின்ற ஒருவன் அவரைக் கெட்ட வார்த்தை சொன்னான். அவர் காதில் வாங்காமல் அவன் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டு மறுபடி தண்ணீருக்குள் போனார். சாப்பாட்டுத் தூக்கோடு நான் நின்றதை அவர் பார்க்கவில்லை. அப்பா வேலை செய்வதை நான் பார்த்தது அன்றுதான்.

சுவரில் இருப்பது அவர்தான் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா நேரில் வந்து, அண்ணாந்து பார்த்து, தானாகவே கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

முடித்ததும் போனில் படம் எடுத்து அவரிடம் காட்டினேன். ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் போனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். படிக்கிற கண்ணாடி உள்ளறையில் இருந்தது.

"கொள்ளாமே, நல்லாருக்கே! இம்புட்டுப் பெரிய சொவராட்டி?"

"நேர்ல வந்து பாருங்கப்பா."

"வாரேன், வாரேன். ஒரு நா ஆஃப் கெடைக்கட்டும்."

அந்த வருடம் சாரல் சீக்கிரம் வந்தது. கூட்டம் அதைவிடச் சீக்கிரம் வந்தது. அப்பாவுக்கு ஆஃப் கிடைக்கவில்லை. அவர் நிற்கும் இடத்திலிருந்து ஐந்தருவி ரோடு பக்கம்தான், ஆனால் நின்ற இடத்தை விட்டு நகர முடியாது. எனக்குப் பரீட்சை தொடங்கிவிட்டது. அம்மாவுக்குக் காலில் வீக்கம் கூடியது. சுவரைப் போய்ப் பார்க்க என்னாலும் முடியவில்லை. அது அங்கேயே இருக்கும், எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தேன்.

கலை வரலாற்றுப் பரீட்சை எழுதிவிட்டு ரயிலுக்காக பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பா போன் செய்தார்.

"ஏட்டி, எந்த லாட்ஜுன்னு சொன்ன?"

சொன்னேன்.

"அதுக்கு முன்னதான் நிக்கேன். இங்கன சொவரு வெறும் கிரீம் கலர்லா இருக்கு? நாந்தான் எடம் மாறி வந்துட்டேன் போல."

அப்பா யாரையோ கூப்பிட்டு விசாரிப்பது கேட்டது. பிறகு லாட்ஜ் அண்ணாச்சி போனை வாங்கினார்.

"எம்மா, தப்பா எடுத்துக்காத. சாரல்ல சொவரு பூராம் பொரிஞ்சு பொரிஞ்சு வந்துட்டு. மொகமெல்லாம் உரிஞ்சு தொங்குது. வாரவுக என்ன இதுன்னு கேக்காக. சொரண்டிட்டு கலர் அடிச்சிட்டேன். பரீச்சை எழுதுத பிள்ளைகிட்ட எதுக்குச் சொல்லணும்னு இருந்தேன்."

"பரவால்ல அண்ணாச்சி" என்றேன். அவர்மேல் கோபப்பட என்ன இருக்கிறது? உள்ளங்கையை வைத்துப் பார்த்தவள் நான்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா அம்மாவோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கிடைத்த ஒரே ஆஃபில் தூங்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போயிருக்கிறார். சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"வெசனப்படாத. இன்னொண்ணு வரைஞ்சாப் போச்சு" என்றார்.

அதற்கு மேல் மறைக்க ஒன்றும் இல்லை என்று தோன்றியது. "அதுல ஒரு போலீஸ்காரர் உண்டுப்பா. அது நீங்கதான்" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். "போன்ல பாத்தேனே. வெறும் முதுகால்லா தெரிஞ்சுது."

"ஆமாப்பா. அது உங்க முதுகுதான்."

அம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மொதல்லயே சொல்லிருந்தா லீவு போட்டுட்டு வந்திருப்பம்லா" என்றார் அப்பா. குரலில் கோபமே இல்லை. எழுந்து, கொடியில் கிடந்த யூனிஃபார்ம் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கப் போனார்.

புகைப்படங்களை வைத்து எனக்கு நல்ல மதிப்பெண் போட்டார்கள். கலை வரலாற்றில் தோற்று, பிறகு எழுதித் தேறினேன். அம்மா நடக்க ஆரம்பித்தாள், ஆனால் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறாள். இன்னும் ஒழுங்காகப் பயிற்சி கொடுத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். படிப்பு, படம், வீடு மூன்றையும் விடாமல் பிடித்துக்கொண்டதாகத்தான் அப்போது எனக்கு ஒரு பெருமை இருந்தது. எதற்கும் முழுசாக நேரம் கொடுக்கவில்லை என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. எஸ்.ஐ. பரீட்சையும் ஒரு தடவை எழுதினேன், கிடைக்கவில்லை. இப்போது வாசுதேவநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருக்கிறேன்.

அப்பா ரிட்டயர் ஆன பிறகு அவரை உட்கார வைத்து வரையலாம் என்று நினைத்தேன். சந்தோஷமாகச் சம்மதித்தார். ஷேவ் செய்து, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார். திரும்பி உட்காருங்கள், முதுகைத்தான் வரையப் போகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் படத்துக்கு ஃபிரேம் போட்டு அம்மா முன்னறையில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லோரும், போட்டோ மாதிரியே இருக்கிறது என்கிறார்கள். அப்பா தலையாட்டுவார். நான் காபி போட உள்ளே போய்விடுவேன்.