சூளைக்குப் பின்னால்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டை டீக்கடையில் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளாற்றங்கரையில் அகழாய்வுக்காக நாங்கள் தோண்டிய குழியில் கிடைத்த பழங்காலக் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் என் பையில் இருக்கின்றன. வெளியூரிலிருந்து வந்த பானை, மண்ணுக்குள் உடைந்தது என்று குறிப்பேட்டில் எழுதியாயிற்று, அதுவும் பேனாவில். நாளைக்குக் குழியை மூடுகிறோம்.

பக்கத்து பெஞ்சில், இங்குள்ள கம்பெனியில் பீங்கான் பொம்மைகளைத் தரம் பிரிக்கும் அஞ்சலை டீ குடிக்கிறார். என்னிடமிருந்து பெரிய ஓடு ஒன்றை வாங்கிச் சுண்டிப் பார்க்கிறார். பிறகு உடைந்த ஓரத்தை என் பக்கம் திருப்புகிறார்.

"இது மண்ணுல உடையல சார். சூளையிலயே வெடிச்சிருக்குது. பாருங்க, உடைஞ்ச எடமும் மேல இருக்கிற மாதிரியே வெந்து கறுத்திருக்குது."

"அதனால?"

"வெடிச்சத யாரு ஊரு ஊரா தூக்கிட்டுப் போவாங்க? சூளைக்குப் பின்னாலயே கொட்டிருவாங்க. எங்க கம்பெனிக்குப் பின்னால போயி பாருங்க."

போய்ப் பார்க்கிறேன். தலை வெடித்த பிள்ளையார்கள் இடுப்பளவு குவிந்து கிடக்கிறார்கள். பத்தடி தள்ளிச் சூளை எரிகிறது.

அங்கேயே நின்று, குழியில் இருக்கும் உதவியாளருக்குப் போன் போடுகிறேன்.

"மூடாதீங்க. பக்கத்துல தோண்டணும், சூளை இருக்குது."

"எந்தப் பக்கம் சார்?"

"நாலு பக்கமும்."