கரையில் விழுந்த சூரியன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். மதுரை டாக்டர் கைவிரித்த பிறகு, உனக்கு என்ன வேணும் என்று என் மனைவியிடம் கேட்டேன். சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கணும் என்றாள். போடியில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் ஊரில் அந்தி என்று ஒன்று ஒழுங்காகக் கிடையாது. வெயில் சுடும்போதே மேற்கு மலை சூரியனை விழுங்கிவிடும்.

"கடல்னா தூத்துக்குடிதான் மாப்ளே" என்றார் அவளுடைய அண்ணன். ஏலக்காய் லோடோடு அங்கே போய்வருகிறவர். அவரை நம்பி, அவரையும் கூட்டிக்கொண்டு போனோம்.

சாயங்காலம் ஒரு சின்னத் தோணியில் மூன்று பேரும் ஏறினோம். தோணி கரையை ஒட்டியே போனது. அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு கடலையே பார்த்திருந்தாள். வெளிச்சமோ எங்கள் முதுகில் விழுந்தது. திரும்பினால், சூரியன் கரையில் பனைமரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கிறது.

தோணிக்காரரிடம் எரிந்து விழுந்தேன்.

"இது கிழக்குக் கடல். இதுல எப்படிய்யா சூரியன் விழும்?" என்றார் அவர்.

கடல் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தோம், மலையடிவாரத்துக்காரர்கள் மூன்று பேரும். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

தோணிக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "விடியக்காலம் வாங்க. கடல்லருந்து உதிக்கிறதைக் காட்டுறேன்" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"உதிக்கிறதைப் பாத்து நான் என்னங்க செய்யப் போறேன்? தோணியைத் திருப்பச் சொல்லுங்க."