சிவப்புச் சட்டை

லண்டன் வெம்பிளியிலிருந்து பிரான்சின் நோர்மண்டிப் பக்கம் கோச் பஸ்ஸில் சுற்றுலா போனபோது, பக்கத்து இருக்கையில் ஒரு அன்ரி தனியாக வந்தார். நரைத்த கொண்டை, கறுப்புக் கோட்டு. மியூசியத்தில் நாங்கள் ஓவியங்களைப் பார்க்க, அவர் சுவரோரமாகத் தரையைப் பார்த்தே நடந்தார்.

"படம் பாக்கேல்லையோ, அன்ரி?" என்றேன்.

"லண்டனுக்கு வரமுன்னம் நானும் என்ரை மனுசனும் இஞ்சதான் கிளீனிங் செய்தனாங்கள், தம்பி. விடியமுன்னம் முடிச்சிடுவம். படங்களுக்கு லைட் போடமாட்டினம்."

பிறகு ஒரு பெண்ணின் ஓவியத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

"இவ சிவப்புச் சட்டையே போட்டிருக்கிறா? இருட்டுக்குள்ளை கறுப்பாத்தான் தெரிஞ்சது. பாவம், புருசன் இல்லையாக்கும் எண்டு ரெண்டுபேரும் கதைப்பம்."

"வீட்டை போய் அங்கிளுக்குச் சொல்லுங்கோ."

"அவர் மோசம்போயிட்டார், தம்பி. செத்தவீடு முடிஞ்சு ஒரு வருசமாகுது."

திரும்பும்போது கோச்சுக்குள் ஹீட்டர் போட்டிருந்தார்கள். வெம்பிளி வரும்வரை அவர் அந்தக் கறுப்புக் கோட்டைக் கழற்றவேயில்லை.