ஆறு நிமிடம் முந்திய வாங்கு

நோன்பு இருபத்திரண்டாம் நாள். அஸர் தொழுதுவிட்டு வந்து கடைக் கதிரையில் சாய்ந்த மஸாஹிருக்குக் கண் தானாக மூடிக்கொண்டது. அவனுடைய சட்டைப் பையில், நாணயம் அளவிலான ஒரு சின்னப் பற்றரி கிடந்தது. மூன்று நாளாக அங்கேயேதான் கிடந்தது.

குறிஞ்சிப்பிட்டிச் சந்தியில் அந்தக் கடையை அவன் திறந்து ஆறு வருடம். உள்ளங்கையில் ஏந்திப் போகக்கூடிய சின்னக் கொம்பியூட்டர்களைக் கொழும்பில் பழசாக வாங்கி, தூசி தட்டி, பழுது பார்த்து விற்பதுதான் தொழில். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன். கட்டாரில் ஒரு கந்தோரில் எட்டு வருடம் துப்புரவு வேலை. அங்கே ஒருநாள் பெரிய கொம்பியூட்டர்களை எல்லாம் அகற்றிவிட்டு, பாதிப் பாண் அளவுள்ள பெட்டிகளைத் திரைக்குப் பின்னால் திருகாணியால் பூட்டினார்கள். மேசை துடைக்க இலேசாகிவிட்டது. அவனுக்கு அந்தப் பெட்டியின்மேல் பிரியம் வந்தது அதனால்தான். மற்றதெல்லாம் பிறகு வந்தது.

"என்ட தம்பி பூட்டிக் குடுத்தது பதினொரு இடம். எண்ணிப் பாருங்க" என்பாள் அவனுடைய ராத்தா மர்ஷூதா, கேட்காதவர்களிடமும். பார்மசியில் எந்த மருந்து எப்போது காலாவதியாகும் என்று அந்தப் பெட்டிதான் சொல்கிறது. ஐஸ் போடும் வாடியில் மீன் நிறை அதில்தான் பதிவாகிறது. தையல்காரி ஷிம்லா பூவேலை மாதிரிகளை அதில் பார்த்துத்தான் துணி வெட்டுகிறாள்; மகளின் ஸூம் வகுப்பு நேரத்தில் மட்டும் கத்தரியைக் கீழே வைத்துவிடுவாள். பதினோராவது இடம் பள்ளிவாசல்.

பள்ளியில் பழைய மணிக்கூட்டைக் கழற்றிவிட்டு, அந்த ஆணிக்கு மேலே ஒரு திரை. ஐந்து வேளைத் தொழுகை நேரமும் திகதிக்கு ஏற்றபடி தானாக மாறும். பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கும் நம்பிக்கையாளர் பதுர்தீன் ஹாஜியார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஓடுற மணிக்கூடு இரிக்கக்குள்ள டிவி என்னத்துக்கு?" என்று கேட்டார். ஒரு மாதத்தில் அவரே அதற்குக் காவல்காரர் ஆனார். கரண்ட் போய் வந்தால் மணியை எப்படித் திருத்துவது என்று மஸாஹிர் அவருக்குச் சொல்லிக்கொடுத்து, ஒரு தாளிலும் எழுதி ஒட்டினான்: முதலில் மணி, பிறகு நிமிடம். இப்போது மதரஸாவுக்கும் நான்கு பெட்டி எடுக்கலாம் என்று பேச்சு. சொன்னவர் ஹாஜியார்தான். அந்த நான்கை நம்பித்தான் மஸாஹிர் நோன்பு முழுவதும் ஓய்வில்லாமல் ஓடினான்.

தொழுகைக்கு அழைக்கும் பள்ளி வாங்குச் சத்தத்தில் திடுக்கிட்டு விழித்தான். வெளியே வானம் கறுத்து மூடியிருந்தது. நாலு மணிக்கு இடி இடித்து, கரண்ட் போய் வந்தது அரைத் தூக்கத்தில் அவனுக்குத் தெரிந்திருந்தது. ராத்தா அனுப்பிய கஞ்சி மேசையில் இருந்தது. பேரீச்சம்பழத்தை எடுத்தவன் போனைப் பார்த்தான். ஆறு பதினெட்டு.

இன்றைக்கு மஃரிப், நோன்பு திறக்கும் நேரம், ஆறு இருபத்து நாலு.

பழத்தை வைத்துவிட்டு மற்றக் கையால் சட்டைப் பையைத் தொட்டான். எல்லாம் விளங்கிவிட்டது. கரண்ட் இல்லாதபோதும் திகதியை ஞாபகம் வைத்திருக்க, பள்ளிப் பெட்டிக்குள் இருந்த பழைய பற்றரி செத்துவிட்டது. கரண்ட் போனால் பெட்டி தன் முதல் திகதிக்கே திரும்பிவிடும். அது ஏதோ ஒரு பெப்ரவரி முதலாம் திகதி. இடிக்குப் பயந்து இணைய வயரையும் கழற்றியிருப்பார்கள்; திகதி தானாகத் திருந்த வழியில்லை. யாரோ மணியை மட்டும் திருத்தியிருக்கிறார்கள். பெட்டி பெப்ரவரி மாதத்து மஃரிப்பைக் காட்டியிருக்கிறது.

பள்ளி அறுபது காலடி தூரம்தான். கால் இழுபட நடந்தான். பேசாமல் உள்ளே போய்த் திகதியை மாற்றிவிடலாம். யாருக்கும் தெரியாது. அடுத்த ஊர்ப் பள்ளி எப்போதும் பிந்தித்தான் வாங்கு சொல்லும் என்பது குறிஞ்சிப்பிட்டியாரின் முடிவு; அதைக் கேட்டும் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். ஆனால் ஒரு ஊரே முறிந்த நோன்பை வேறொரு நாள் பிடிக்காமல், கழா செய்யாமலே விட்டுவிடும். சொன்னால், அவனுடைய பெட்டியை இனி யார் நம்புவார்கள்?

வரிசையாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்கள் முன்னால் நின்றான்.

"எல்லாரும் கோப்பய வைங்க. நேரம் இன்னும் ஆகல்ல."

"விளாடுறியாடா? நான் ரெண்டாவது கோப்பையில இரிக்கன்" என்றார் ஒருவர்.

"ஆறு நிமிஷம் முந்திட்டு. இண்டைய நோன்ப எல்லாரும் கழா செய்யணும். பிழ என்ட பெட்டியில. பற்றரி மாத்தணுமெண்டு தெரிஞ்சும் நாந்தான் பிந்திட்டன்."

சிலர் போனை எடுத்துப் பார்த்தார்கள். கோப்பைகள் ஒவ்வொன்றாகத் தரைக்கு வந்தன. வாயில் இருந்த பழத்தை ஒருவர் கைக்குட்டையில் துப்பினார். "மெசினுக்கு நோன்பு இல்லதானே, அதுக்கென்ன அவசரம்?" என்று மூலையிலிருந்து ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

பதுர்தீன் ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "பெட்டிய மட்டும் சொல்லாத. கரண்ட் வந்தொடன அது பன்னெண்டக் காட்டிச்சி. கையில கட்டின மணிக்கூட்டப் பாத்துத் திருத்தினது நான். நீ எழுதி ஒட்டினபடிதான் செஞ்சன்."

"ஓம் ஹாஜியார். மணி மாத்தத்தான் எழுதின. திகதி மாத்த எழுதல்ல."

"அறுவத்தொம்பது வயசில எனக்குத் திகதி தெரியாமப் போச்சு பாரு."

ஓட்டில் மழை விழத் தொடங்கியது. எல்லோரும் கஞ்சியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த ஊர் வாங்கு மழையோடு மெல்லக் கேட்டது.

ஹாஜியார் தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்து மஸாஹிரிடம் நீட்டினார். "நீ ஒண்டும் தின்னல்லதானே?"

"நித்திரையாப் போயிட்டன்."

"அப்ப இந்தப் பள்ளியில இண்டைக்கு நோன்பாளி நீ ஒருத்தன்தான். நோன்பத் திற மகன்."

பழத்தைத் தின்றான். தண்ணீர் குடித்தான். ஹாஜியார் குரலைத் தாழ்த்தினார். "மதரஸாப் பெட்டி இப்ப வேணாம். சனம் இத மறக்கட்டும்."

"ஓம்" என்றான்.

தொழுகை முடிந்ததும் கதிரை போட்டு ஏறி, பெட்டியைத் திறந்து, பையிலிருந்த பற்றரியைப் பூட்டினான். திகதியைச் சரியாக்கினான். பழைய மணிக்கூட்டை யாரோ அதற்குள் கொண்டுவந்து திரைக்குக் கீழே அதே ஆணியில் மாட்டியிருந்தார்கள். அதற்கும் சாவி கொடுத்தான். பிறகு சுவரில் ஒட்டியிருந்த தாளின் மேல் ஓரத்தில், இருந்த கொஞ்ச இடத்தில், நெருக்கி எழுதினான்: எல்லாவற்றுக்கும் முன்னால் திகதி.