படகு உள்ளே வரவேண்டும்

தூர தேசத்துப் பட்டணங்களைப் படமாக எழுதிக் கொடுக்கிறவன் அந்தப் பட்டணங்களைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. படத்தை மாட்டப்போகிற சுவரைப் பார்த்திருந்தால் போதும்.

வெள்ளைக்காரர்கள் ஊருக்குக் கிளம்பியபோது பெங்களூர் கண்டோன்மென்ட் ஏலத்தில் பழைய அச்சுப் படங்கள் ஒரு கட்டு எனக்குக் கிடைத்தது. லண்டன், ரோம், வெனிஸ் என்று எவனோ ஒரு மகராசன் எந்தக் காலத்திலோ வரைந்த ஊர்கள். படத்தின் மேல் நூல் கட்டிக் கட்டம் பிரித்து, அதே கட்டங்களைக் கித்தானில் பெரிதாகப் போட்டு, கட்டம் கட்டமாக எண்ணெய்ச் சாயத்தில் எழுதுவேன். ஓசூர்க் கடை வாசலில் 'அசல் மாறாமல் எழுதித் தரப்படும்' என்று போர்டு. மாறியதாக ஒருவர் காட்டினாலும் என் கையாலேயே அதை இறக்கிவிடுகிறேன் என்று கடைத்தெருவில் பலர் முன்னால் சவாலும் விட்டிருந்தேன். பக்கத்துக் கடையில் லாரிகளுக்கு நம்பர் எழுதும் முனுசாமி அந்த நாளுக்காகவே காத்திருந்தார். பெயின்ட் டப்பாவை நம்பிப் பிழைக்கும் சகோதரர்களே, வாயைக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

லண்டனில் வெயில் அடிக்குமா?

கிருஷ்ணகிரியில் ஒரு காப்பி ஹோட்டல் முதலாளிக்கு லண்டன் ஆற்றுப் பாலத்தை எழுதினேன். அசலில் வானம் முழுக்கக் கருமேகம். "யாவாரம் நடக்கிற இடம், இப்படி இழவு வீடாட்டம் இருந்தா எப்படி? ஓரமா ஒரு சூரியனைப் போடுங்க" என்றார். முடியாது என்றேன். முனகிக்கொண்டே மாட்டினார்.

அந்த வருஷம் எங்கள் பக்கம் மழை ஏமாற்றிவிட்டது. பாகலூரிலிருந்து வந்த ராகி விவசாயி ஒருவர் படத்துக்கு எதிரே உட்கார்ந்து, காப்பி ஆறுவதுகூடத் தெரியாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சூரியன் போடுவது பற்றி முதலாளி மறுபடி என்னிடம் பேச்சை எடுத்ததுதான் தாமதம், அந்த விவசாயி திரும்பிச் சொன்னார்: "சூரியனைத்தான் தெனமும் பார்த்துக்கினு இருக்கிறமே சாமி, அந்த மேகத்தை மட்டும் கலைச்சிடாதீங்க."

இடிந்த ரோம்

காவேரிப்பட்டினம் போட்டோ ஸ்டுடியோவில், படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்குப் பின்னால் தொங்கவிட ஒரு பெரிய திரை கேட்டார்கள். ரோமாபுரியை எழுதினேன். பாதி உடைந்த தூண்கள், சரிந்த வளைவுகள், இடுக்கில் முளைத்த செடி என்று ஒன்றுவிடாமல் வந்திருந்தது. எனக்கே என் கையை முத்தமிடலாம் போல இருந்தது.

முதலில் வந்தது புதுமணத் தம்பதி. பெண்ணின் தாயார் திரையைப் பார்த்ததும் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். ஸ்டுடியோக்காரர் என்னைப் பார்த்தார். தூணை ஒட்டுப்போடும் உத்தேசம் எனக்கு இல்லை. கடைசியில் உடைசல் தெரியாதபடி குரோட்டன்ஸ் தொட்டிகளை வரிசையாக வைத்து மறைத்தார். அந்த அம்மாள் அசையவில்லை. "மொதல்ல வீட்டைக் கட்டி முடிக்கச் சொல்லுங்க, அப்பறமா வந்து போட்டோ புடிச்சுக்கிறோம்."

தளி கவுடர் வீட்டு வெனிஸ்

தளியில் ஒரு கவுடர், மகள் கல்யாணத்துக்காகக் கூடத்தில் மாட்ட வெனிஸ் நகரம் கேட்டார். தண்ணீர், அரண்மனை, மணிக்கூண்டு, நிறையப் படகுகள். கித்தானில் பென்சிலால் எழுதிக்கொண்டு போய் சுவரில் வைத்துக் காட்டினேன். கவுடர் முகம் சுருங்கியது. படகுகள் எல்லாம் இடது பக்கம் போகின்றன. அந்தச் சுவருக்கு இடது பக்கம்தான் தெருவாசல். பொருள் ஏற்றிய படகு வீட்டைவிட்டு வெளியே போனால் லட்சுமியும் கூடப் போகிறாள் என்று அர்த்தமாம். எதிர்ச்சுவரில் மாட்டினால் சரியாகிவிடும் என்றேன். அங்கே முன்னோர் படங்கள் இருந்தன. அவர்களை நகர்த்த வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை.

படகுகளை மட்டும் திருப்பினால் காற்று ஒருபக்கம், பாய் ஒருபக்கம் என்று ஆகிவிடும். அப்படிக் கோணல் வேலை என் கைக்கு ஆகாது. ட்ரேசிங் பேப்பரில் ஊர் முழுவதையும் எடுத்து, பேப்பரைப் புரட்டிப் போட்டு எழுதினேன். ஒரு கோடுகூட விட்டுப்போகவில்லை. இடது பக்கத்து மணிக்கூண்டு மட்டும் வலது பக்கம் போய்விட்டது. கடை வாசல் போர்டுதான் உறுத்தியது. கவுடருக்கு அந்தக் கவலை ஏது? "ஊரு எந்தப் பக்கம் திரும்பினா நமக்கென்னா பெயின்டரே? படகு வூட்டுக்குள்ள வருது இல்ல, அது போதும்."

ஹவில்தார் வந்தார்

நான் பேப்பரைப் புரட்டியதைப் பக்கத்துக் கடையிலிருந்தே பார்த்துவிட்ட முனுசாமியும் கல்யாணத்துக்கு வந்திருந்தார். மாப்பிள்ளைக்குப் பெரியப்பா ஒருவர், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர், படத்தைக் கண்டதும் கையிலிருந்த தாம்பூலத்தோடு அப்படியே நின்றுவிட்டார். "சண்டை முடிஞ்சதும் இந்த ஊர்ல எங்களைப் போட்டிருந்தாங்க" என்றார். உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, இந்த மனிதருக்கு வெனிஸ்தானா கிடைத்தது!

முனுசாமி முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "நல்லா பாருங்கய்யா. அந்த மணிக்கூண்டு இருக்க வேண்டிய பக்கத்துலதான் இருக்குதா?"

ஹவில்தார் கிட்டே போனார், எட்ட வந்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். என் போர்டு இறங்குவதை நான் மனசுக்குள் பார்த்தே விட்டேன். அவர் கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்படியேதான் இருக்குது தம்பி. தெனமும் காலையில கம்பத்துல கண்ணாடியை மாட்டிட்டு, ஊருக்கு முதுகைக் காட்டி நின்னுக்கினு சவரம் பண்ணுவேன். கண்ணாடியில என் மூஞ்சிக்குப் பின்னால எல்லாம் இதே மாதிரிதான் தெரியும்."

போர்டு கடைசிவரை இறங்கவில்லை. 'அசல் மாறாமல்' என்பதற்குக் கீழே 'கண்ணாடியில் பார்க்கவும்' என்று தானே இலவசமாக எழுதித் தருவதாகச் சொல்லி ஏறிய முனுசாமியைத்தான் ஏணியிலிருந்து இறக்க வேண்டியிருந்தது.