சொட்டுக்கு முன்னும் பின்னும்

மலைவீட்டில் மதியமானால் மேகம் உள்ளே வந்துவிடும். சன்னலைச் சாத்தினாலும் எங்கோ ஒரு சந்து இருக்கும். அடுத்த கட்டிடத்து ஸ்டோரில், அனல் மூட்டிய உலர்த்தும் அறையில், ஏலக்காய் காய்ந்துகொண்டிருந்தது. வெதுவெதுப்பான அந்த மணமும் மேகமும் கலந்து வீடே அரைத்தூக்கத்தில் இருந்தது. என் ஒன்றரை வயது மகள் மட்டும் முழுத்தூக்கத்தில் கிடந்தாள்.

காலையிலிருந்து அவளுக்கு வயிற்றுப்போக்கு. எஸ்டேட்டைப் பார்த்துக்கொள்ளும் மதினி, என் கணவரின் அக்கா, அப்போதே ஹோமியோபதி சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்திருந்தார். மலையடிவாரத்துப் போடி ஊர் மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைப்பது.

"எம் மகனுக்கெல்லாம் இதான் ஆத்தா. ஒண்ணும் பண்ணாது."

அட்டையை இரண்டு முறை படித்தேன். சொட்டுக்கு முன்னும் பின்னும் கொஞ்ச நேரம் எதுவும் கொடுக்கக்கூடாது. வாசனைப் பொருள் அருகில் ஆகாது.

"ஏலக்கா வாடை இல்லாத எடத்துக்கு எங்க போறது மதினி?"

"இங்கிட்டு போடி, அங்கிட்டு கேரளா. ரெண்டு பக்கமும் ஏலக்காதான். பிள்ளை மூக்கப் பொத்திக்க!"

மணத்தை விரட்ட முடியாததால் மற்ற விதியை இன்னும் கவனமாகக் காத்தேன். சொட்டுக்கு முன் பால் இல்லை, பின் தண்ணீர் இல்லை. மறுபடி வயிற்றால் போனால் மறுபடி சொட்டு. அழுதவளைத் தட்டிக்கொடுத்தேன். பிறகு அவள் அழவில்லை. மருந்து கேட்கிறது என்று நினைத்தேன். தொட்டிலும் நானும் மேகத்தில் மிதப்பதுபோல் இருந்தது. கண் சொக்கியது.

துணி மாற்றப் போனபோது துணி காய்ந்திருந்தது. நின்றுவிட்டது என்று முதலில் நிம்மதி. அப்புறம்தான் உறைத்தது. சிறுநீர்? எவ்வளவு யோசித்தும் அவள் காலையிலிருந்து ஒண்ணுக்குப் போனதாக நினைவில்லை. உதட்டைத் தொட்டேன், சொரசொரப்பாக இருந்தது. முன்னும் பின்னும் என்று பார்த்துப் பார்த்துத் தண்ணீருக்கு நான் நேரமே விடவில்லை.

"மதினி, ஜீப்பக் கூப்பிடுங்க. டாக்டர்ட்டப் போகணும்."

"தூங்குற பிள்ளைய எதுக்கு..." என்றவர் குனிந்து அவள் கண்களைப் பார்த்தார். குழி விழுந்திருந்தன. "வெரசா கெளம்பு ஆத்தா."

பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருந்தது. சொட்டு போட்ட நேரத்தைப் பார்க்காமல் கரைத்துப் புகட்டத் தொடங்கினேன். போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பு மேகத்துக்குள் இறங்கியது. சாலை இருந்த இடத்தில் வெண்மைதான் இருந்தது. ஒவ்வொரு கரண்டியிலும் பாதி அவள் கழுத்தில் வழிந்தது.

"அண்ணே, மெதுவா," என்றேன் நான்.

"அண்ணே, வெரசா," என்றார் மதினி.

"யாராச்சும் ஒராளு சொல்லுங்கம்மா," என்றார் ஓட்டுநர்.

கீழே இறங்க இறங்க மேகம் விலகி வெயில் அடித்தது. அவள் கண் திறந்து கரண்டியைப் பல்லால் கவ்வினாள். விடவே இல்லை.

போடியில் டாக்டரம்மா அவள் வயிற்றுத் தோலை லேசாகக் கிள்ளி விட்டுப் பார்த்தார். சொட்டு மருந்து பாட்டிலை முகர்ந்தார்.

"இதுல ஸ்பிரிட் இருக்கும்மா. இந்த வயசுக்குக் கேக்காமக் குடுக்காதீங்க. எந்த மருந்து குடுத்தாலும் சரி, பாலையும் தண்ணியையும் மட்டும் நிறுத்தவே கூடாது. ரத்தம் போனாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, இப்பிடித் தூங்கிட்டே கெடந்தாலோ காத்திருக்காம கொண்டாந்துரணும். கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனா?"

நான் வாய் திறப்பதற்குள் படுக்கை விரிப்பில் ஈரம் படர்ந்தது.

"ஆத்தா, டாக்டரம்மா மெத்தையிலயா!" என்று மதினி பதறினார்.

"இருக்கட்டும், இருக்கட்டும்," என்றார் டாக்டரம்மா.

நான் அந்த ஈரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது.