நாலாவது தோள்

இன்று காலை நான் மறுபடியும் ஒருவனுக்கு மகனானேன். செத்தவன் என் வயதில் பாதிகூட ஆகாத தோட்டக்கூலி. நாதியற்றுச் சாகிறவர்களை அடக்கம் செய்ய மலாயாவின் பொந்தியானில் ஐந்து பேர் ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். நால்வர் பாடை சுமப்பார்கள். தோள் வலுவிழந்த கிழவன் நான், மகன் ஸ்தானத்தில் கொள்ளிச்சட்டி ஏந்தி முன்னே நடப்பேன். ஊரில் என்றால் பாடை தூக்கப் பங்காளி வேண்டும், ஜாதி வேண்டும். இங்கே உயரம் ஒத்தால் போதும். முன்பக்கத்துக்கு அப்படி ஒத்தவர்கள் வண்டிக்கார வேலுவும் மளிகைக்கடை ராமையாவும். போன மாதம் வேலுவின் வண்டியில் பிணம் கொண்டுவந்த ஓர் அடக்கத்துக்குப் பிறகு, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ராமையாவுக்கு மட்டும் கும்பிடு போட்டுவிட்டார். "வண்டி என்னுது, மாடு என்னுது, கும்பிடு அவருக்கா?" என்று போன வேலு திரும்பவில்லை. கூலியில்லாத வேலைக்கு நன்றிதான் கூலி; அதற்கும் பங்குச் சண்டை. எனக்கு அலுத்துவிட்டது.

இன்று தோள்களை எண்ணினேன். மூன்று. திரும்ப எண்ணினாலும் மூன்றுதான். வேலியோரம் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த மலாய்க்காரர் பாக் சாலே எழுந்து வந்தார்.

"உம் சொந்தமா?"

"இல்லை."

"பிறகு ஏன் கண் கலங்குகிறது?"

சட்டிப் புகை என்றேன். இவனுக்கே மூன்று தோள் என்றால் நான் சாகும்போது எத்தனை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? மேற்கொண்டு கேளாமல் தோள் கொடுத்தார். வழிப்போக்கனும் தோள் கொடுப்பது அவர்கள் வழக்கம். ஆனால் ஆள் குள்ளம். பாடை சாய்ந்தது, பிணம் நழுவியது.

சந்தை முனையில் வண்டியோடு நின்ற வேலு குதித்து ஓடிவந்தான். "நகருங்க பாக்! ராமையாண்ணே, பிணத்த உருட்டிவிட்டாலும் கும்பிடு உங்களுக்குத்தானா?"

"வாய மூடிட்டுத் தூக்குடா, உன் பக்கம்தான் தாழுது."

"உங்க தொப்பை இழுக்குது, அதான்."

பாடை நிமிர்ந்தது. பாக் சாலே பின்னாலேயே இடுகாடுவரை வந்தார்.

குளித்துவிட்டு எல்லோரும் பாக் சாலேயோடு காப்பி குடிக்கையில் வேலு சொன்னான்: "ஐயா, உங்களுக்குச் சட்டி நான்தான் ஏந்துவேன்."

"நீ பாடைக்கு வேணும்டா. சட்டிய நான் எடுக்குறேன்" என்றார் ராமையா.

"அப்ப முன்னால என்கூட யாரு?"

உயிரோடு நடுவில் உட்கார்ந்திருந்தேன். என்ன தகராறு என்று பாக் சாலே கேட்டார். எனக்கு யார் மகன் என்பதில், என்றேன். "இரண்டு பிள்ளைகளா! கொடுத்துவைத்தவர்" என்று மகிழ்ந்தார். மறுக்கத் தெம்பில்லை. ஊரில் பெற்ற மகன் ஒருவன் இருக்கிறான். கொள்ளி வைக்கும் உரிமை அவனுக்குத்தான். ஆனால் அவன் கப்பலேறி வந்து சேருமுன் நான் மண்ணாகியிருப்பேன். "ஆமாம், இரண்டு" என்று இரண்டு விரல்களை மடக்கிக் காட்டினேன். ஊரில் இருப்பவனுக்கான மூன்றாவது விரல் மடங்காமல் நின்றது.